ஏணியைப் பிடித்திருந்தவள்

"ஏளா, பிடிச்சிருக்கியா?"

பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். காலையில் ஏழரைக்குப் பிடித்தது, இப்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது, கார் ஷெட்டின் நடுவில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுகொண்டு இந்த இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள் செண்பகவல்லி, அது மேலே நிற்கிற மனுஷருக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும், ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். "பிடிச்சிருக்கேன்" என்றாள். "என்னது, காதுல விழல." "பிடிச்சிருக்கேன்னு சொல்லுதேன்லா!" கண்ணுக்கு நேரே அவருடைய குதிகால்கள். இடுப்புக்கு மேலே குற்றாலிங்கம் கூரைக்குள் போய்விட்டார், கீழே மிச்சமிருப்பது லுங்கியும் இந்த வெடித்த குதிகால் இரண்டும்தான். வெடிப்புக்குள் மரத்தூள் ஏறிக் கிடக்கிறது. ராத்திரி அதை உரசிக் கழுவி வாஸ்லின் தடவச் சொன்னால் நாளைக்கு என்பார், முப்பத்திமூன்று வருஷமாக எல்லாமே நாளைக்கு. ஆனால் நாளைக்கு என்பது இந்தத் தடவை நாளைக்கேதான், திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி, ஏழு பிள்ளைகள் டியூஷனுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றப்போகிறார்கள், அதற்குள் அந்த அறை காலியாக வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறாள். இல்லாவிட்டால் இந்தத் தகரக் கொட்டகைக்குள் அக்னி நட்சத்திரத்தில் நிற்க அவளுக்கு என்ன பைத்தியமா?

அறை என்றால் பெரிய அறை ஒன்றுமில்லை, பத்துக்குப் பத்து, வீட்டின் பின்பக்கம் கிணற்றைப் பார்த்த ஜன்னல். ரிட்டயர் ஆகிப் பாளையங்கோட்டைக்கு வந்து இந்த வீட்டைக் கட்டும்போதே, இது உனக்கு, நீ படி, எழுது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, என்ன வேணாலும் செய் என்று பெரிய மனசாகச் சொன்னவர்தான். பால் காய்ச்சி மூன்றாம் நாள் பார்த்தால் அந்த அறை முழுக்க அட்டைப்பெட்டி. அதுவும் எல்லாம் காலிப் பெட்டி. சாமான் இருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. டீவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, கிரைண்டர், வாஷிங் மெஷின், செத்துப்போன கம்ப்யூட்டரின் பெட்டி, அது பிறந்த நாளிலிருந்து அதற்கென்று வந்த தெர்மாகோல் மூலைகளுடன். பாங்க்கில் பதினோரு தடவை மாற்றல் வாங்கிய மனுஷர். மாற்றல் வந்தா எங்க போய்ப் பெட்டி தேடுவே, கம்பெனிப் பெட்டியிலே வச்சாத்தான் பொருள் உடையாது, தூரப் போட்டிராத. ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நம்பர், சமையல் நாலு, உடையும், மேல்பக்கம், பக்கத்தில் ஊர்ப்பெயர், அந்த ஊரை அடித்துவிட்டு அடுத்த ஊர், அதையும் அடித்துவிட்டு அதற்கடுத்த ஊர். சரி, அப்போது வேணும். ரிட்டயர்தான் ஆயாச்சே, இனி எந்த பாங்க் உங்களை எந்த ஊருக்கு மாற்றப்போகிறது, மேலே இருக்கிற பாங்க் ஒன்றுதான் பாக்கி என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். அதற்கு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், பெட்டி எங்கயாவது இருக்கணும்லா, ஒரு பரண் போட்டுட்டா உன் ரூம் உனக்கு என்றார். அந்தப் பரணுக்குத்தான் நாலு வருஷம். கார் ஷெட்டின் தகரக் கூரைக்கும் குறுக்கே ஓடுகிற இரும்புச் சட்டங்களுக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடம் சும்மா கிடக்கிறது, புறா குடியிருந்தது, அங்கே பிளைவுட் பரப்பினால் பரண். இதைச் சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். செய்வதற்கு நாலு வருஷம்.

மரத்தூள் கண்ணில் விழுந்தது. ஒரு கையை எடுத்துக் கண்ணைக் கசக்கினாள், உடனே மேலேயிருந்து, "ஏளா, ஆடுது!" ஆடவில்லை. ஒரு நூல்கூட ஆடவில்லை. அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருஷம், ஏணியில் ஏறக்கூடாது, பளு தூக்கக்கூடாது, டாக்டர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார், அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, அவள்தானே கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள் இவரை! ஆசாரி ஒருத்தர் வந்தார், நல்ல வேலைக்காரர், இரண்டு நாளில் சட்டத்துக்கு மேல் மரம் அடித்துக் கொடுத்தார், மூன்றாம் நாள் பலகை போட வேண்டியது. இவர் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே திரிந்து, இங்கே கால் இஞ்சு ஏறியிருக்கு, அங்கே இறங்கியிருக்கு என்று சொல்லிச் சொல்லி, அண்ணாச்சி நீங்களே போட்டுக்கிடுங்க என்று அந்த மனுஷர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். காலிப் பெட்டி வைக்கிற பரணுக்கு மட்டம் என்ன மட்டம், பெட்டி உருண்டா ஓடப்போகிறது! நினைக்க நினைக்கக் கோபம் நெஞ்சுவரை வந்து நின்றது. விழுந்துவிட்டால்? நினைப்பு எங்கிருந்தோ வந்தது. இப்போது கையை எடுத்தால், அந்தக் குதிகால் நழுவினால், சிமெண்டுத் தரை, தலை, சத்தம், ஆட்டோ, மகனுக்குப் போன், அவன் பெங்களூரிலிருந்து வந்து முதலில் கேட்பது, நீ எங்கம்மா இருந்தே என்றுதான் இருக்கும். சீ, என்ன நினைப்பு. நெற்றியில் வேர்த்தது. பயந்த பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தாள், பிடித்ததும் பயந்ததற்காகவே திரும்பக் கோபம் வந்தது. பயத்தையும் அவளே படவேண்டும், பிடிக்கவும் அவளே வேண்டும். மேலே உள்ளவர் ஸ்க்ரூவை வாயில் கடித்துக்கொண்டு என்னவோ முனகிப் பாடுகிறார்.

ஐந்து மீட்டர் நீளமுள்ள ஏணி ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டுள்ளது, ஏணியின் அடி சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியுள்ளது எனில் அதன் உச்சி தொடும் உயரம் என்ன. எத்தனை தடவை போர்டில் எழுதியிருப்பாள், விருதுநகர்ப் பள்ளிக்கூடத்தில், சாக்பீஸ் தூள் புடவையெல்லாம் கொட்ட. நாலு மீட்டர். பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும். அந்தக் கணக்கில் ஏணி இருக்கும், சுவர் இருக்கும், செங்கோணம் இருக்கும், கீழே நின்று பிடிக்கிறவள் மட்டும் இருக்கமாட்டாள். ஒரு புத்தகத்திலும் அவளைப் போட்டதில்லை. ஏணி தானே நிற்கும், எவனோ ஏறுவான், உயரம் கண்டுபிடித்து இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு போவார்கள். சிரிப்பு வந்தது, அது தொண்டைக்கு வருவதற்குள் கசந்துபோயிற்று. விருதுநகர். நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். அந்த நினைப்பு ஏற்கெனவே வந்து நின்றுவிட்டது, இனி என்ன.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம். லீவு வேகன்ஸியில் இரண்டு வருஷம் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மாதாமாதம் இருக்குமா போகுமா என்று. அன்றைக்கு மத்தியானம் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டனுப்பினார். போஸ்ட் சாங்ஷன் ஆயிட்டு, உன் பேரைத்தான் எழுதியிருக்கேன், திங்கட்கிழமை ஆர்டர் வாங்கிக்க. காலே தரையில் பாவவில்லை. வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது, முதல் வார்த்தை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளக்கூட மறந்துபோய். வீட்டைத் திறந்தால் கூடத்தில் அட்டைப்பெட்டிகள். மளிகைக் கடையில் சொல்லி வாங்கிய சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, இருபது இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் அவர் சணலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புரமோஷன்ளா, தருமபுரி, பத்து நாள்ல ஜாயின் பண்ணணும், அந்த வெங்கலப் பானையை எடு, அதுலேருந்து ஆரம்பிப்போம். இவள் வாயில் வைத்திருந்த வார்த்தை வாயிலேயே இருந்தது. பிறகு ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். அடடா என்றார். அடடா. அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கும்லா என்றார். இருந்தது, எல்லா ஊரிலும் பள்ளிக்கூடம் இருந்தது, கரூரில் இருந்தது, நாக்பூரில் இருந்தது, ஆரணியில் வீட்டுக்கு எதிரேயே இருந்தது, மணி அடித்தால் அடுப்படிக்குக் கேட்கும். அவளுக்குத்தான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வயசு சரியாக இல்லை, வருஷம் சரியாக இல்லை, இன்னும் எத்தனை நாள் இந்த ஊரில் இருப்பீங்க மேடம் என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம் எந்த மாற்றலையும் அவர் வாயால் சொல்ல வேண்டியிருந்ததே இல்லை. பரணிலிருந்து பெட்டி இறங்குகிற சத்தம் கேட்கும், தெர்மாகோல் கிரீச்சென்று உரசும், பல் கூசும், அவளுக்குத் தெரிந்துவிடும்.

"பலகையைத் தா. சின்னதை." கொடுத்தாள். "இதில்லளா, அந்த ஓரம் வெட்டினது." கொடுத்தாள். கை எரிந்தது, துருவும் வேர்வையும் சேர்ந்து உள்ளங்கை செம்மண் நிறமாகிவிட்டது. போகட்டும். போனதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், போனது அவர்களுடையதா, சொல்ல என்ன! இப்போது இருக்கிற சண்டை விருதுநகருக்கு இல்லை, நாளைக்கு ஐந்து மணிக்கு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து இந்தத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற காலனியில் மட்டும் ஏழு பிள்ளைகள் கணக்கில் போய்விட்டார்கள். ஜூலை முதல் வாரம் திரும்பத் தேர்வு. பூக்கட்டுகிற மாரியம்மாள்தான் முதலில் வந்து நின்றாள், டீச்சர், நீங்க முன்னால கணக்கு டீச்சர்னு சொன்னாங்களே என்று. டீச்சர். யார் சொன்னார்களோ, எப்படித் தெரிந்ததோ, அந்த ஒரு வார்த்தையில் இவள் அடுப்பில் வைத்த பாலை மறந்து நின்றாள், பால் பொங்கி ஊற்றிற்று. மாரியம்மாள் மகள் பேச்சிக்கனி முப்பத்தொரு மார்க். நாலே நாலு மார்க். இந்தத் தடவையும் போனால் அப்பன்காரன் ஜவுளிக்கடைக்கு அனுப்பிவிடுவான், பேசி முடித்துவைத்திருக்கிறான், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நின்றுகொண்டே சேலை மடிக்க வேண்டும், பிள்ளைக்குப் பதினாறு வயசுகூட ஆகவில்லை. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அனுப்பு, ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஹாலில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, ஹால்ல எனக்கு நியூஸ் பாக்கணும், ஏழு பிள்ளை வந்தா கூச்சல் என்றார். சரி, அறையைக் கொடுங்கள் என்றாள். ஞாயித்துக்கிழமை பரண் முடிஞ்சிரும், பெட்டியை ஏத்திட்டா ரூம் உனக்கு, எங்கிட்ட விடு என்றார். கரும்பலகை வாங்கி வந்து ஹால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது, இரண்டு பெஞ்சு இரவல் வாங்கியாயிற்று. எங்கிட்ட விடு. விட்டுவிட்டுத்தான் நிற்கிறாள்.

டிரில்லிங் மெஷின் நின்றது. கடைசி ஸ்க்ரூ. குதிகால்கள் மேலே ஏறின, லுங்கி ஏறியது, ஆளே உள்ளே போய்விட்டார், பலகைமேல் அவர் தவழ்கிற சத்தம் தலைக்கு மேலே குடுகுடுவென்று ஓடியது. முடிஞ்சுதா என்று கேட்டாள். முடிஞ்சுது, கல்லு மாதிரி நிக்குது என்றார். அவளே அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது, ஒரு நொடி அந்த மனுஷர்மேல் பாவமாகக்கூட இருந்தது, அறுபத்தி நாலு வயசில் இந்த வெயிலில், நல்ல மோர் ஒன்று கலக்கிக் கொடுக்க வேண்டும், பெருங்காயம் போட்டு. முதலில் டீவிப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஒவ்வொன்றாக இவள் எடுத்துக் கொடுத்தால் பன்னிரண்டுக்குள் ஆகிவிடும், பிறகு அறையைக் கூட்டி, கழுவி, ஆணி அடித்து.

"ஏளா."

"சொல்லுங்க."

"தகரத்துல கையை வச்சுப் பாத்தேன். கொதிக்குது."

"மே மாசம் கொதிக்காம என்ன செய்யும்?"

"இல்ல, அட்டைக்குத் தாங்காது. தெர்மாகோல் சுருங்கிரும். பசை விட்டுப்போகும்." பிறகு, ரொம்ப நல்ல யோசனை தோன்றினவர் குரலில், "ஒண்ணு செய்வோம். பெட்டி அங்கனயே இருக்கட்டும். உன் போர்டு, பெஞ்சு, அந்தப் புஸ்தக டிரங்கு, அதெல்லாம் சூடு தாங்கும், அதை மேல ஏத்திருவோம். மழைக்கு அப்புறம் உள்ள சீலிங் அடிச்சுட்டுப் பெட்டியை மாத்திக்கிடலாம். டியூஷனை அப்பப் பாப்போம்."

மழைக்கு அப்புறம். ஜூலையில் பரீட்சை, மழைக்கு அப்புறம் டியூஷன். அவளுக்கு முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம். பிறகு மொத்தமாக வந்தது, கால் விரலிலிருந்து உச்சிவரை, இத்தனை வருஷம் சில்லறை சில்லறையாகக் கோபப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி. காலி அட்டைக்கு வெயில் ஆகாதாம். அட்டைக்கு! அது சுருங்கிவிடுமாம். அவள் சூடு தாங்குவாள், அவள் போர்டு தாங்கும், அவள் புத்தகம் தாங்கும், பேச்சிக்கனி தாங்குவாள், பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு தாங்குவாள், உலகத்தில் சூடு தாங்காத ஒரே ஜீவன் பத்து வருஷத்துக்கு முந்திச் செத்த கம்ப்யூட்டரின் பெட்டி. இந்த மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை, குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், ஊரே நல்ல மனுஷர் என்கிறது, அடிக்கிறவராக இருந்தால் அடிக்கிறார் என்று ஒருத்தரிடம் போய்ச் சொல்லலாம், அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது, சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிடியை மாற்றிப் பிடித்தாள், ஏணி லேசாக ஆடியது, "ஏளா, ஆட்டாதே" என்றார் மேலேயிருந்து. அப்போதுதான் ஷெட் மூலையில் அந்தச் செங்கற்களைப் பார்த்தாள். வீடு கட்டி மிஞ்சியது, ஐந்தாறு கிடந்தன. போய் இரண்டை எடுத்துவந்து ஏணியின் காலுக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்தாள். பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் ஒருதரம், வெறி பிடித்த மாதிரி உலுக்கினாள். இம்மி அசையவில்லை. இரண்டு செங்கல்! காலை ஏழரையிலிருந்து அவள் பார்த்த வேலையை இரண்டு செங்கல் பார்க்கிறது, அவளைவிட நன்றாகவே பார்க்கிறது, எத்தனை வருஷம், எத்தனை ஊரில், எத்தனை ஏணி! கை இரண்டையும் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"ஏளா, எங்க போற? நான் எப்படி இறங்குவேன்?"

"செங்கல் பிடிச்சிருக்கு. இறங்குங்க."

அடுப்படியில் காய் நறுக்குகிற கத்தியை எடுத்தாள். அறைக் கதவைத் தள்ளினால் பாதிதான் திறக்கும், பெட்டி இடிக்கும், எப்போதும் ஒருக்களித்துத்தான் நுழைவாள், இன்றைக்குத் தோளால் ஓர் இடி இடித்தாள். அட்டைப் புழுக்க வாடை. முதலில் கைக்கு அகப்பட்டது கிரைண்டர் பெட்டி, சமையல் ஒன்று, தலைகீழாய் வைக்காதே. தலைகீழாய்க் கவிழ்த்து அடிப்பக்கத்து டேப்பில் கத்தியை விட்டு இழுத்தாள், சர்ரென்று வந்தது, நாலு மூலையையும் உள்ளே அமுக்கி மேலே முழங்காலை வைத்து அழுத்த, அவ்வளவு பெரிய பெட்டி விரல் கனத்துக்குத் தட்டையாகப் படுத்துவிட்டது. அவளால் நம்பவே முடியவில்லை. அடப் பாவி மனுஷா, இவ்வளவுதானா இது. அடுத்தது. மிக்ஸி. தெர்மாகோலை உருவிச் சாக்கில் திணித்தாள், கிரீச்சென்றது, பல் கூசியது, கூசட்டும் என்று இன்னும் பலமாக உடைத்தாள். கரூர் அடித்து, நாக்பூர் அடித்து, ஆரணி அடித்து எழுதியிருந்த வாஷிங் மெஷின் பெட்டி அவள் உயரம் இருந்தது, அதை அறுக்கும்போது வாய்விட்டே திட்டினாள், யாரைத் திட்டினாள், ஊரையா, பாங்க்கையா, அவரையா, அன்றைக்கு ராத்திரி அடடா என்றதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வெங்கலப் பானையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாளே ஒருத்தி, அவளையா, எல்லாரையும்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, அழுகை இல்லை, தூசி, தூசியாகவே இருக்கட்டும். ஷெட்டுப் பக்கம் ஏணி முனகியது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி. அவள் கை நின்றுவிட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், கடைசிப் படிவரை கேட்டாள், தரையில் குதிகால் ஊன்றுகிற சத்தம் வந்த பிறகுதான் கத்தியைத் திரும்ப ஓட்டினாள். ஜன்னல் தெரிந்தது. கிணறு தெரிந்தது. தரை தெரிந்தது, பச்சை டைல்ஸ், இந்த அறைக்குப் பச்சை போட்டது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அவர் வாசற்படியில் வந்து நின்றார். தலையெல்லாம் மரத்தூள், புருவத்தில் மரத்தூள். முழங்கால் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்த தட்டை அட்டைகளைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், மிச்சமிருந்த டீவிப் பெட்டியைப் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று அவள் கத்தியைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள், சொன்னால் நல்லதாகப் போயிற்று, சொல்ல வேண்டியது அவளிடமும் நிறைய இருந்தது. அவரோ புருவத்து மரத்தூளைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய அநியாயம் நடந்துவிட்ட குரலில், "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றார்.

நாக்கு நுனிவரை பதினோரு ஊரும் வந்து வரிசையில் நின்றது.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

"அதான் கேக்கல."

அவர் அவளைப் பார்த்தார், முப்பத்திமூன்று வருஷமும் மெதுமெதுவாக அந்த முகத்தில் ஏறுவதை அவள் பார்த்தாள். இரக்கப்பட அவளுக்கு நேரமில்லை. அவரைச் சுற்றிப் போய் டீவிப் பெட்டியை இழுத்து, கவிழ்த்து, அடியில் கத்தியை வைத்தாள்.